‘அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்’: அம்மாவின் வலிக்கு இதில் என்ன பதில்?

வாசகர் கேள்வி, மார்ச் 6, 2025 (குழித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி)

அம்மாவுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய். திருவனந்தபுரத்தில் காட்டினோம். முற்றிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி மார்பின் (morphine) என்கிற வலிமருந்து மாத்திரை எழுதித் தந்தார்கள். நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, சீர்திருத்த சபை). ஜெபக்குழுவிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் “தழும்புகளால் குணமாயாச்சு, இனி மாத்திரை தின்றால் அவிசுவாசம்” என்கிறார்கள். பெரியம்மா கத்தோலிக்க வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். “வலியை ஆண்டவருடைய பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடு, மாத்திரை போட்டு மயங்கிக் கிடந்தால் எதை ஒப்புக்கொடுப்பாய்” என்று அவர் கேட்கிறார். இரண்டு தரப்பும் பைபிளில் ஏசாயா 53-ஆம் அதிகாரத்தைத்தான் காட்டுகிறது. அம்மா நடுவில் கிடந்து தவிக்கிறார். ஒருவர் பாடுபட்டால் இன்னொருவர் குணமாவது என்றால் என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 6, இரவு

தம்பி, முதலில் மாத்திரையைக் கொடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம். நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதியிருந்தால் வலி ஏறட்டும் என்று காத்திருக்காதீர்கள், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். மலச்சிக்கல் வரும். அதற்கும் மருந்து தந்திருப்பார்கள், அதை விடாதீர்கள்.

மார்ச் 7

நான் யார் என்று கேட்டிருக்கிறார்கள். பிறந்தது மார்த்தாண்டம் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. வீட்டில். கட்டிக்கொடுத்தது பனச்சமூட்டில், லத்தீன் கத்தோலிக்கக் குடும்பத்தில். சாலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளா. நர்சாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிக்கிற குழுவோடு போகிறேன். ஆக, இந்தத் தம்பி வீட்டில் கேட்கிற இரண்டு குரலும் என் வீட்டிலும் கேட்டவைதான்.

ஏசாயா 53-ல் எல்லோரும் ‘தழும்புகளால் குணமாகிறோம்’ என்கிற ஐந்தாம் வசனத்துக்குத் தாவிவிடுகிறார்கள். நாலாம் வசனத்தின் பிற்பாதியைப் படியுங்கள்: “நாமோ, அவர் தேவனால் அடிபட்டு வாதிக்கப்பட்டு, சிறுமைப்பட்டவரென்று எண்ணினோம்.” துன்பப்படுகிற ஒரு மனிதனைப் பார்த்து, கடவுள்தான் இவனை அடித்திருக்கிறார், ஏதோ செய்திருப்பான் என்று ஊரே நினைத்தது. அப்படி நினைத்த ஊர்தான், நாங்கள் எண்ணியது தப்பு என்று இங்கே சொல்லி அழுகிறது. இந்த அழுகைக்குப் பிறகுதான் ‘தழும்புகளால் குணமாகிறோம்’ வருகிறது. நோயாளியைக் குற்றவாளியாகப் பார்த்த கண் முதலில் குணமாகிறது.

அந்த வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு, விசுவாசம் இல்லாததால்தான் உனக்குச் சரியாகவில்லை என்று ஒரு தாயிடம் சொன்னால், அந்த ஊர் செய்த அதே வேலையை மறுபடியும் செய்கிறோம்.

மார்ச் 7, பிற்பகல்

இன்னொன்று. இதே வசனத்தை 1 பேதுரு 2:24 எடுத்துச் சொல்கிறது. யாரிடம் சொல்கிறது என்பதற்கு 18-ஆம் வசனத்திலிருந்து படிக்க வேண்டும். வீட்டு வேலைக்கார அடிமைகளிடம். முரட்டு எஜமானிடம் அநியாயமாக அடி வாங்கி முதுகில் தழும்போடு நிற்கிறவர்களிடம்தான் ‘அவருடைய தழும்புகளால் குணமானீர்கள்’ என்று கடிதம் சொல்கிறது. தழும்பு என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உன் முதுகில் இருப்பது அவர் முதுகிலும் இருக்கிறது, அவர் உன் பக்கத்து ஆள். அவர்களுக்கு இது அப்படித்தான் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

இதையே காட்டி அடிமைகளைப் பொறுத்துப்போகச் சொன்ன எஜமான்கள் வரலாற்றில் நிறைய. இன்றும் குடிகாரப் புருஷனிடம் அடி வாங்குகிற பெண்ணிடம் ‘சிலுவையைச் சும’ என்று அறிவுரை சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. அப்படித் திரும்பிப் போனவர்களுக்கு நான் தையல் போட உதவியிருக்கிறேன். அடிக்கிற கைக்குச் சாதகமாக இந்த வசனத்தைச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது.

மார்ச் 9

ஜெபக்குழு சகோதரர் ஒருவர் இங்கே வந்து பதில் எழுதியிருக்கிறார். மரியாதையோடு எழுதினார், அதனால் நானும் நிதானமாகச் சொல்கிறேன். அவர் காட்டுவது மத்தேயு 8:17. பேதுருவின் மாமியாருடைய காய்ச்சலை இயேசு நீக்கிய பிறகு, அவர் நம் நோய்களைச் சுமந்தார் என்று ஏசாயாவைச் சொல்கிற இடம். ஆகவே சரீர சுகமும் சிலுவையில் அடக்கம் என்கிறார்.

சரி, சரீரமும் அடக்கம்தான். நானும் அப்படியே நம்புகிறேன். ஆனால் மத்தேயு அதை எங்கே எழுதுகிறார் பாருங்கள். சிலுவைக்கு வெகு முன்னால், ஒரு வீட்டுக்குள், காய்ச்சல்காரியின் கையைத் தொட்ட இடத்தில். நோயைச் சுமப்பது என்பது அந்தத் தொடுதலிலேயே தொடங்கிவிட்டது. அந்த மாமியாரும் பிறகு ஒருநாள் இறந்திருப்பார். இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவும் இரண்டாவது முறை இறந்திருப்பார். சரீரத்தின் முழு மீட்புக்கு இன்னும் காத்திருந்து தவிக்கிறோம் என்றுதான் பவுலும் ரோமர் 8:23-ல் எழுதுகிறார்.

அதே பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். கூட ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதியோடு விட்டுவந்தேன் என்கிறார். தன் உடம்பில் இருந்த முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று முறை கேட்டும் அது போகவில்லை. இவர்களுக்கெல்லாம் விசுவாசம் குறைவு என்று சொல்ல நமக்கு நாக்கு வருமா, சகோதரரே?

மார்ச் 10

ரப்பர் மரத்தை உவமை சொன்ன அண்ணனுக்கு: அழகாகத்தான் இருக்கிறது. கத்தி பட்ட இடத்திலிருந்து பால், காயத்திலிருந்து வாழ்வு. ஆனால் மரம் விரும்பிக் கொடுக்கவில்லை, நாம் வெட்டி எடுக்கிறோம். யோவான் 10:18-ல் ‘ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்’ என்று இயேசு சொல்வதுதான் இந்த விஷயத்தின் உயிர். அது போனால் மிச்சம் இருப்பது சுரண்டல்.

மார்ச் 14

வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடித்து வந்து எழுதுகிறேன்.

முன்பு நாங்கள் பார்த்துக்கொண்ட ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், எங்கள் மலையடிவாரத்துக்காரர். வாயில் புற்று, தாடை வரை அழுகிவிட்டது. மார்பினைக் கையால் தொடமாட்டார். காரணம் பைபிளிலிருந்தே சொல்வார்: “சிஸ்டரே, ஆண்டவரு வேண்டாமுன்னு தள்ளினதை நான் குடிக்கவா?” மாற்கு 15:23-ஐச் சொல்கிறார். சிலுவையில் அறைவதற்கு முன் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசம் கொடுத்தார்கள், இயேசு ஏற்றுக்கொள்ளவில்லை. அது வலியை மரக்கடிக்கக் கொடுக்கும் பானம் என்று பல உரைகாரர்கள் சொல்வார்கள்.

நான் அவரோடு வாதாடவில்லை. யோவான் 19-ஐ எடுத்து வாசித்துக் காட்டினேன். கடைசி நேரத்தில் ‘தாகமாயிருக்கிறேன்’ என்று இயேசுவே கேட்கிறார். யாரோ ஒருவர் காடியில் தோய்த்த கடற்காளானை (கடற்பஞ்சை) நீட்டுகிறார், அவர் வாங்கிக்கொள்கிறார். வாங்கின பிறகுதான் ‘முடிந்தது’ என்கிறார். ஒரு கோப்பையைத் தள்ளியவரும் அவர்தான், இன்னொன்றைக் கேட்டு வாங்கியவரும் அவர்தான். கெத்செமனேயில் ‘இந்தப் பாத்திரம் நீங்கட்டும்’ என்று மன்றாடியவரும் அவர்தான். வலி வேண்டும் என்று அவர் ஓரிடத்திலும் கேட்கவில்லை.

பால்வெட்டுக்காரர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பேசுவதும் அவருக்குக் கஷ்டம். திண்ணையில் நின்ற அவர் மனைவிதான் பேசினார்: “அவரு சிலுவை சுமக்கட்டும் சிஸ்டரே. ராத்திரி முச்சூடும் அந்த முனங்கலைக் கேட்டுட்டுக் கெடக்கது நானுல்லா.”

மார்ச் 15

அந்த அம்மா சொன்னதை நேற்று அப்படியே விட்டுவிட்டேன். காலையிலிருந்து அதுதான் மனசில் ஓடுகிறது.

தன் வலியை ஒப்புக்கொடுக்கிறவர், அந்த வலியைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறவர்களுடைய வலியையும் சேர்த்து ஒப்புக்கொடுத்துவிடுகிறார், அவர்களைக் கேட்காமலே. இயேசு தாயைச் சிலுவையடியில் பார்த்தவுடன் என்ன செய்தார்? ‘அதோ உன் மகன்’ என்று சீடனைக் காட்டி அவளுக்கு ஒரு வீட்டை ஏற்பாடு செய்தார். மூச்சு வாங்கவே முடியாத நேரத்திலும் பக்கத்தில் நிற்கிறவர்களை மறக்கவில்லை. பாடுகளை ஒப்புக்கொடுப்பது என்றால் எப்படியிருக்கும் என்பதற்கு எனக்கு இதுதான் அளவு.

பால்வெட்டுக்காரர் பிறகு மாத்திரை எடுத்துக்கொண்டார். கரைத்துக் கொடுத்தோம். வலி அடங்கி நாலு வார்த்தை பேச முடிந்தபோது, எல்லைக்கல் தகராறில் பல வருஷமாகப் பேசாமல் இருந்த தம்பியை வரச்சொன்னார். தம்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அதிகம் பேசவில்லை. வழக்கு இன்னும் கோர்ட்டில்தான் கிடக்கிறது, யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஈமச்சடங்கில் பெட்டியைத் தூக்கியவர்களில் அந்தத் தம்பியும் ஒருவர்.

மார்ச் 16

மார்பின் கொடுப்பது கத்தோலிக்கருக்குப் பாவமா என்று நேராகக் கேட்டவருக்கு: இல்லை. 1957 பிப்ரவரியில் போப் 12-ஆம் பத்திநாதர் (பயஸ்) மயக்க மருந்து மருத்துவர்களிடம் பேசும்போதே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். வலியைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், அதனால் ஆயுள் குறையக்கூடும் என்றாலும்கூட மருந்து கொடுக்கலாம். சரியான அளவில் கொடுக்கிற மார்பின் ஆயுளைக் குறைப்பதில்லை என்பது தனி விஷயம். பெரியம்மாவிடம் பங்குத்தந்தையைக் கேட்கச் சொல்லுங்கள்.

மார்ச் 18

பெரியம்மாவைக் கிழவியின் மூடநம்பிக்கை என்று ஒருவர் எழுதியதை என்னால் விட்டுவிட முடியாது. அவர் சொல்வதில் பாதி, சபையின் மிகப் பழைய, மிக ஆழமான நம்பிக்கை.

கொலோசெயர் 1:24. கிறிஸ்துவின் உபத்திரவங்களில் குறைவானதை சபைக்காக என் மாம்சத்தில் நிறைவேற்றுகிறேன் என்கிறார் பவுல். படித்தவுடன் திடுக்கிடும் வாக்கியம். சிலுவையில் என்ன குறை? பாவமன்னிப்பில் ஒரு குறையும் இல்லை, சீர்திருத்த சபைகளும் கத்தோலிக்கரும் இதில் ஒன்று. குறைவாக இருப்பது நம் பங்கு. ஒருவர் துன்பம் இன்னொருவருக்குப் போய்ச் சேருகிற வழியில் நாமும் நடக்க இடம் விட்டு வைத்திருக்கிறார்.

போப் இரண்டாம் ஜான் பால் 1984 பிப்ரவரி 11 அன்று மீட்பளிக்கும் துன்பத்தைப் பற்றி ஒரு மடலே எழுதினார். 1981-ல் துப்பாக்கிக் குண்டு பட்டுப் படுத்திருந்தவர் எழுதியது. படுக்கையில் கிடப்பவரும் வீண் ஆள் இல்லை, அவருடைய துன்பத்தைக் கிறிஸ்துவின் துன்பத்தோடு சேர்க்கலாம், அது உலகத்துக்கு நன்மை செய்யும் என்பது அதன் சாரம். வீட்டுக்கு பாரமாகிவிட்டோம் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கிறவர்களை நாள்தோறும் பார்க்கிறவள் நான். நீ பாரம் இல்லை, உன்னிடம் இன்னும் கொடுக்க ஏதோ இருக்கிறது என்று ஒருவர் சொல்வது எத்தனை பெரிய மருந்து என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த மடல் எங்கே போய் முடிகிறது? நல்ல சமாரியனில். துன்பத்தால் நன்மை செய், துன்பப்படுகிறவனுக்கும் நன்மை செய், இரண்டையும் கிறிஸ்து சேர்த்தே கற்றுக்கொடுத்தார் என்கிறது. பெரியம்மாவின் கையில் முதல் பாதி இருக்கிறது. இரண்டாம் பாதியையும் அவர் கையில் கொடுங்கள். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டியவன்தான் அந்தச் சமாரியன்.

மார்ச் 19

கேரளத்துக் கன்னியாஸ்திரி, புனித அல்போன்சாம்மாவைப் பற்றிச் சொல்லவில்லையே என்று கேட்கிறார்கள். அவர் கல்லறை இருக்கிற பரணங்கானத்துக்குப் போயிருக்கிறேன். 1910-ல் பிறந்து 1946-ல், 35 வயதில் இறந்தவர். மடத்து வாழ்க்கையில் பெரும்பகுதி நோய்தான். 2008-ல் புனிதர் பட்டம். அங்கே போனால் கால் வளைந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மாரைப் பார்க்கலாம்.

சிறுவயதில் கல்யாணப் பேச்சுக்குத் தப்பிக்க உமிச் சாம்பல் குழியில் காலை விட்டுச் சுட்டுக்கொண்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைப் பெண்பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகச் சொல்லும்போது எனக்கு உடம்பு நடுங்கும். அவர் கேட்காமலே வந்த நோயை அவர் சுமந்த விதத்துக்காகத்தான் நான் அவரிடம் வேண்டிக்கொள்கிறேன். கூட இருந்த சகோதரிகளிடமும் பார்க்க வந்த குழந்தைகளிடமும் அவர் அன்பாக இருந்ததைச் சொல்வார்கள். நோய் ஒருவரை எவ்வளவு சிடுசிடுப்பாக ஆக்கும் என்பது நர்சுக்குத் தெரியும். அதுதான் எனக்கு அற்புதம்.

மார்ச் 21

இன்றைக்கு வாதம் வேண்டாம். வெள்ளறடைக்கு மேலே தெக்கன் குரிசுமலைக்குப் போய்வந்தோம். தவக்காலத்துக் கூட்டம். பத்துகாணிப் பக்கமிருந்து தமிழ்க் கூட்டம், வெள்ளறடையிலிருந்து மலையாளக் கூட்டம். மேலே ஏற ஏற பாட்டு எந்த மொழியில் போகிறதென்றே தெரியவில்லை. மரச்சிலுவையைத் தோளில் வைத்து ஏறுகிற பையன்கள். மூச்சு வாங்கி நின்ற ஒரு கிழவருடைய சிலுவையை, கேட்காமலே ஒரு பையன் வாங்கித் தன்னுடையதோடு சேர்த்து வைத்துக்கொண்டான். சிலுவைப்பாதையின் ஐந்தாம் ஸ்தலத்தில் சீமோனைப் பிடித்து இழுத்து இயேசுவின் சிலுவையைச் சுமக்கவைத்தார்கள். இவன் தானாக வந்தான்.

மலை ஏறுவது தேவையில்லாத உடல் வதை என்று எழுதிய நண்பருக்கு: முழங்கால் தேய்ந்த எனக்கும் அந்த எண்ணம் வந்தது உண்டு. ஆனால் கீழே படுக்கையில் கிடக்கிற ஒருவருக்காக ஏறுகிறவர்கள் அங்கே நிறைய. அம்மாவுக்காக, பிள்ளைக்காக. ஒன்றும் செய்ய முடியாமல் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கொடுமைக்குக் கால் கொடுக்கிறது அந்த மலை. இறங்கி வந்தபின் கட்டிலுக்குத் திரும்பிப் போனால் போதும்.

மார்ச் 24

போப் பிரான்சிஸ் நேற்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. ஆக்சிஜனும் மருந்தும் எடுத்துக்கொண்டுதான் ஜெபித்தார். ஜெபக்குழு சகோதரர்கள் இதையும் யோசிக்கலாம்.

மார்ச் 30

நம் மண்ணின் ஆளைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது. நட்டாலத்து வேதசாட்சி தேவசகாயம். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1749-ல் சிறை, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப் போனதையும், காயத்தில் மிளகாய்த்தூள் தேய்த்ததையும் சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்தோம். 2022 மே 15 அன்று புனிதர் ஆனார்.

புலியூர்க்குறிச்சியில் தாகத்தில் கைமுட்டியால் பாறையை இடித்தபோது தண்ணீர் வந்ததாகச் சொல்வார்கள். இன்றும் அந்தத் தண்ணீரை பாட்டிலில் பிடித்து நோயாளிக்குக் கொண்டுபோகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது பெருவிளை. வேப்பமரத்தில் கட்டிவைத்திருந்த மனிதனைத் தேடி மக்கள் தங்கள் நோவைச் சொல்லப் போனார்கள். சங்கிலியில் கிடப்பவனால் என்ன செய்ய முடியும்? ஆனாலும் போனார்கள். மாட்டிக்கொண்ட ஒருவன் நம் கதையைக் கேட்டால் அது வேறு மாதிரி இறங்கும். எபிரெயர் 4:15-ல் நம் பலவீனங்களைக் குறித்துப் பரிதபிக்கக்கூடிய பிரதான ஆசாரியர் என்று சொல்வதை நான் அந்த வேப்பமரத்தடியில் வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

ஒருவர் பாடுபட்டால் இன்னொருவர் குணமாவது எப்படி என்ற தம்பியின் கேள்விக்கு வருகிறேன். இறையியலாளர் அன்செல்ம் 11-ஆம் நூற்றாண்டின் முடிவில் எழுதிய நூலில், பாவம் கடவுளின் மகிமைக்குச் செய்த இழப்பு, அதை ஈடுசெய்ய மனிதனாக வந்த கடவுளால்தான் முடியும் என்று வாதிட்டார். பிறகு வந்தவர்கள் அதைத் தண்டனைக் கணக்காக மாற்றினார்கள். பிரசங்கத்தில் நாம் கேட்பது பெரும்பாலும் அந்தக் கணக்குதான். அதை மறுக்க நான் யாருமில்லை. ஆனால் அன்செல்முக்கும் 700 ஆண்டுகளுக்கு முன் ஆயர் நசியான்சு கிரகோரி சொன்னதுதான் என் தொழிலுக்கு ஒத்துவருகிறது: அவர் எதைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாகவில்லை. அப்படியென்றால் பசியை, பயத்தை, கைவிடப்பட்ட கூக்குரலை, வலியை எல்லாம் அவர் ஏற்றுக்கொண்டாரே. அம்மா படுகிற வலியில் அவர் போகாத இடம் ஒன்றுகூட இல்லை.

ஏப்ரல் 5

நெய்யூர் ஆஸ்பத்திரி டாக்டர் சோமர்வெல்லைப் பற்றி ஒரு ஆசிரியர் நினைவூட்டியிருக்கிறார். நன்றி ஐயா. இங்கிலாந்துக்காரரான அவர் போன 1922 எவரெஸ்ட் பயணத்தில் ஜூன் 7 அன்று பனிச்சரிவில் சுமைதூக்கிகள் 7 பேர் இறந்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவரும் சாகவில்லை. எங்களில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கக்கூடாதா என்று அவர் தவித்ததை எழுதியிருக்கிறார். அப்புறம் தெற்கே வந்து நெய்யூரில் நோயாளிக் கூட்டத்தைப் பார்த்தவர், லண்டன் வேலையை விட்டுவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். இறந்த ஏழு பேருக்கு அது ஈடாகாது. அவரும் அப்படி நினைத்திருக்கமாட்டார். என் பாட்டி அவர் பெயரைச் சொல்லும்போது குரலே மாறும்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

காலையில் மலங்கரைப் பள்ளியில் (கேரளத்து மலங்கரை சபையின் கோவிலில்) பாவக்காய்ச் சாறும் காடியும் கலந்த கைப்பு நீர் குடித்துவிட்டு, பிறகு என் பிறந்த வீட்டுச் சபையில் மூன்று மணி நேர ஆராதனைக்குப் போனேன். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தையில் ஐந்தாவது ‘தாகமாயிருக்கிறேன்’. பிரசங்கம் ஆத்தும தாகத்தைப் பற்றி. நல்ல பிரசங்கம்தான். எனக்கோ உதடு வெடித்துக் கிடப்பவர்களுக்கு நனைத்த பஞ்சு வைத்த கைதான் நினைவில். இயேசுவுக்கு உண்மையாகவே தொண்டை காய்ந்திருந்தது.

ஏப்ரல் 22

தம்பி எழுதியிருக்கிறார். அம்மா இப்போது இரவில் தூங்குகிறாராம். ஜெபக்குழுவில் இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள், ஒரு அக்கா மட்டும் வந்து ஒன்றும் சொல்லாமல் காலைப் பிடித்துவிட்டுப் போகிறார். பெரியம்மா மாத்திரை நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாராம். போப் நேற்றுப் போய்ச்சேர்ந்த செய்தி கேட்டு அந்த வீட்டில் சி.எஸ்.ஐ.காரர்களும் சேர்ந்து ஜெபித்தார்களாம்.

அவர் கேட்டது: அம்மா திருவிருந்து எடுக்க ஆசைப்படுகிறார், கெட்டியாக எதையும் விழுங்க முடியவில்லை, என்ன செய்வது?

போதகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்பத்தில் ஒரு சின்னத் துணுக்கை ரசத்தில் நன்றாக ஊறவைத்து நாக்கில் வைத்தால் போதும், அதுவும் முடியாவிட்டால் ரசத்தில் ஒரு சொட்டு. தலைப்பக்கத்தைத் தலையணை வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள், புரையேறாது. மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கலாமா என்று வீட்டுக்கு வருகிற நர்சிடம் கேளுங்கள். சில வகைகளைக் கரைக்கக்கூடாது. காலை மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துப் போதகரை வரச்சொல்லுங்கள். அப்போது வலி அடங்கியிருக்கும், அம்மாவால் ‘ஆமென்’ சொல்ல முடியும். பெரியம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.